புது ஷூவில் பன்னீர் சோடா

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு மெஷின் வேலை சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஓட்டச் சங்கத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓடவேண்டும், ஓடி முடித்ததும் குடிக்கவேண்டும். இரண்டையும் ஏன் ஒரே நாளில் செய்யவேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மானேஜர் கூப்பிட்டார், போனேன். ஸ்டோரில் வேலை பார்ப்பவன் மாட்டேன் என்றா சொல்லமுடியும்?

அங்கே பேசுவது தனி பாஷை. முன்னால் ஓடி, வழிக்கு அடையாளமாக மைதா மாவைத் தூவிக்கொண்டு போகிறவன் பெயர் ‘முயல்’. மாவில் வட்டம் போட்டிருந்ததைப் பார்த்து, அப்பாடா முடிந்தது என்று உட்கார்ந்தேன். ‘இனிமேல் வழியை நீயே தேடிக்கொள்’ என்று அர்த்தமாம். பாலாற்றங்கரை ஆடுகள் மாவை நக்கிவிட்டால் முயலுக்கே வழி தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது ‘டவுன் டவுன்’. போனஸ் கேட்டு கம்பெனி கேட்டில் மானேஜரைப் பார்த்து நாங்கள் கத்திய அதே கோஷம். இங்கே மானேஜரே கத்துகிறார். எல்லோரும் வட்டமாக நின்று, தப்பு செய்தவனை நடுவில் விட்டு, ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லும் கோஷமாம் அது.

ஒரு ஞாயிறு என்னை நடுவில் இழுத்துவிட்டார்கள்.

“புது ஷூ!” என்றார் மானேஜர்.

புது ஷூ போட்டு வந்தால் அந்த ஷூவிலேயே ஊற்றிக் குடிக்கவேண்டுமாம். ஓடுகிற ஷூகூட இல்லை அது, தோல் ஷூ. கம்பெனி ஆட்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தபோது என் மனைவி ஆசையாக எடுத்துவந்தது. அவளுக்கு அங்கேதான் ஃபினிஷிங்கில் வேலை. பெட்டிக்குள் போகிற ஷூவில் ஒரு விரல் தடம்கூட இல்லாமல் துடைக்கவேண்டும்.

நான் குடிக்கமாட்டேன் என்பதால் பன்னீர் சோடாவை ஊற்றினார்கள். செருப்பை ஒருத்தன் வாய்க்கு நேரே நீட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் கைதட்டுகிறார்கள், மானேஜர் தோளில் கைபோடுகிறார், கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீர் வாசனை வேறு. கோபப்படுவதா, பல்லைக் காட்டுவதா? ஒன்றும் விளங்காமல் குடித்துத் தொலைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

வீட்டில் மனைவி ஷூவைக் கையில் எடுத்தாள்.

“இன்னாங்க இது, உள்ள பன்னீர் வாசன அடிக்குது?”

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“மரியாத பண்ணாங்களா, அசிங்கப்படுத்துனாங்களா?”

“தெரியலையே.”

“மானேஜர் அவரு ஷூவுல குடிச்சாரா?”

“அவரு ஷூ பழசு.”

“நல்லா கீது” என்று அதைக் காயவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, போகிறீர்களா என்று கேட்டாள். போகாவிட்டால் மானேஜர் கேட்பார் என்றேன். அவள் ஷூவை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். துடைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கீழே இருந்த மண்ணை அள்ளித் தண்ணீர் விட்டுக் குழைத்து, முனையிலிருந்து குதிகால்வரை இரண்டு ஷூவிலும் அழுத்தித் தேய்த்தாள்.

“போட்டுக்கினு போங்க” என்று நீட்டினாள். “இனிமே யாரும் புதுசுன்னு சொல்லமாட்டாங்க.”