ஹபேன்சு பெருக்கிய பாதை

காஃபூவே சரணாலயத்தின் தெற்கு மூலையில் எங்கள் முகாம் இருக்கிறது. பயணிகள் எல்லோரும் வடக்கே போய்விடுவார்கள். இங்கே வருகிறவர்கள் குறைவு, வந்தவர்களே திரும்ப வருவார்கள். சில கூடாரங்கள், இரண்டு வண்டிகள், இரண்டு வழிகாட்டிகள். சமையல் நான்.

ஹபேன்சு மூத்த வழிகாட்டி. என்னைப் போலவே தோங்கா இனம், மாட்டுக்காரக் குடும்பம். லாரி டயரில் வெட்டிய செருப்புதான் போடுவார். முகாம் போட்ட நாளிலிருந்து இருப்பவர். இந்தப் பக்கத்துச் சிங்கங்களை ‘என் சிங்கங்கள்’ என்பார். யாரும் மறுத்ததில்லை. மறுக்க இன்னொரு வழிகாட்டி நிலைத்ததில்லை.

அவரால் முடியாத காரியம் ஒன்று உண்டு. தலைநகர் லுசாகாவிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, கபாசோ அம்மா, ஒவ்வொரு செப்டம்பரும் தன் தலையணையோடும் பிளாஸ்கோடும் வருவாள். “சிங்கத்தை டிவியில பாத்துக்கலாம். எனக்கு அந்தப் புள்ளி போட்ட காட்டுநாயைக் காட்டுங்க” என்பாள். ஹபேன்சு காட்டியதில்லை. நாய்கள் ஓரிடத்தில் தங்காதவை. “அடுத்த வருஷம்மா” என்று அவளை வழியனுப்பிவிட்டு அன்று முழுக்க வண்டியடியில் படுத்து எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் கோடை தொடங்கும்போது முபிட்டா வேலைக்கு வந்தான். லோசி. ஆற்றில் மீன் பிடிக்கிற லோசி இனத்தாரும் தோங்காக்களான நாங்களும் முறைக்காரர்கள். என்ன சொல்லிக் கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது, சாவு வீட்டில்கூட. பதிலுக்குச் சொல்லத் தெரியாதவன் தோற்றவன்.

வந்த அன்றே ஆரம்பித்தான்.

“மச்சான், மாட்டைத் தவிர வேற மிருகம் ஏதாச்சும் அடையாளம் தெரியுமா உங்களுக்கு?”

“டேய் மீன்தலை, ஆறில்லாத ஊருக்கு வந்திருக்க. வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டே சாகப்போற.”

எல்லோரும் சிரித்தோம். ஹபேன்சுதான் அதிகம் சிரித்தார்.

அடுத்த மாதம் முபிட்டா காட்டுநாய்க் கூட்டத்தைப் பார்த்தான். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது ஹபேன்சு களியை உருட்டிக்கொண்டே, “கழுதைப்புலியைப் பாத்துட்டு வந்து நாய்ங்கறான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தட்டு மட்டும் பாதிக் களியோடு எனக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் சமையலறைப் பக்கம் அடிக்கடி வந்தார்.

“சோல்வே, அவனுக்கு ரெண்டு முட்டை வெச்சியா?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அவன் தட்டுல பெருசா தெரிஞ்சுது.”

முபிட்டாவின் வண்டியிலிருந்து பயணிகளின் சிரிப்பு கேட்டால் தன் வண்டியின் எஞ்சினை முடுக்கி உறுமவிடுவார். அவன் தொப்பியைச் சாய்த்து வைத்தால், தன் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

கபாசோ அம்மா வந்தாள். முதல் நாள் பயணிகளை ஏற்றிப் போவது ஹபேன்சுவின் முறை. சிங்கம் காட்டினார், எருமை காட்டினார். மாலை தேநீரில் அவள் சாதாரணமாகச் சொன்னாள்: “நாளைக்கு அந்தப் பையன் வண்டியில போறேன். நாயைப் பாத்திருக்கானாமே.”

“போங்கம்மா. நல்லாப் பேசுவான்.”

எங்கள் முகாமில் ஒரு வழக்கம். பொழுது சாயும்போது வண்டியின் பின்னால் முள்கிளையைக் கட்டி மண்பாதை நெடுக இழுத்துப் போவோம். பழைய தடங்கள் அழிந்துவிடும். காலையில் அதில் தெரிவதெல்லாம் அந்த இரவில் நடந்தவை. முதலில் போகிற வண்டி அதைப் படித்துக்கொண்டு போகும்.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஹபேன்சு தண்ணீர்ப் பம்பைப் போடப் போனார். பம்பைத் தாண்டிய வளைவில் பாதையின் குறுக்கே காட்டுநாய்த் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்பு உதிராமல். எல்லாம் கிழக்கே புல்வெளிக்குள் இறங்கியிருந்தன. இத்தனை வருஷமும் அவர் தேடியவை, முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில், முபிட்டாவின் முறை நாளில்.

இதை மழைக்காலத்தில் அவரே என்னிடம் சொன்னார். பக்கத்திலிருந்த முள்மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, கையாலேயே இழுத்துத் தடங்களை அழித்தாராம். நாய்கள் வயிறு நிறைந்திருந்தால் அங்கேயே படுத்துக் கிடக்கும். நாளைக்கு அவர் முறை. நாளைக்கு அவரே கண்டுபிடிப்பார்.

அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: கிளையோடு வந்து அடுப்பருகே போட்டார்.

“பச்சைக் கிளை. எரியுமா இது?” என்றேன்.

“எரியும், போடு.”

புகைதான் வந்தது.

கபாசோ அம்மாவை ஏற்றிக்கொண்டு முபிட்டா கிளம்பினான். காலை உணவுக்கு முன்னாலேயே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அவள் இறங்குவதற்குள் கத்தினாள், “பாத்துட்டேன்! குட்டிங்களோட!” முபிட்டாவைக் கட்டிக்கொண்டாள், என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஹபேன்சுவிடம் போய் அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் வழி காட்டினீங்களாம். முபிட்டா சொன்னான்.”

ஹபேன்சு முபிட்டாவைப் பார்த்தார்.

முபிட்டா தேநீரை ஊற்றிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

“பாதை பூரா எலி ஓடியிருக்கு, வண்டு ஊர்ந்திருக்கு, பக்கிக்குருவி உக்காந்து எழுந்திருக்கு. வளைவுல மட்டும் ஒண்ணுமே இல்ல. கல்யாண வீட்டு வாசல் மாதிரி பெருக்கிக் கெடக்கு. ஓரத்துல டயர் செருப்பு. மச்சான் எனக்காகத்தான் கோடு போட்டு வெச்சிருக்காருன்னு கோடு முடிஞ்ச எடத்துல புல்லுக்குள்ள எறங்கினேன். அங்கதான் படுத்திருந்துச்சு.” ஒரு வாய் தேநீர் குடித்தான். “மாடு மேய்ச்சவங்க கூட்டறதுல கெட்டிக்காரங்க. தொழுவத்துல பழக்கம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கபாசோ அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இப்போது ஹபேன்சுவின் முறை. மீனைப் பற்றி ஏதாவது ஒன்று சொன்னால் போதும். நாங்கள் காத்திருந்தோம். அவர் கைகள் இன்னும் அவள் கைகளுக்குள் இருந்தன.

“எரியலையே அந்தக் கிளை” என்றார் என்னிடம்.

மறுநாள் அவர் முறையில் கபாசோ அம்மா வண்டி ஏறவில்லை. பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று என்று கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்து தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். முபிட்டா அவளுக்கு வேர்க்கடலை உரித்துக்கொடுத்தான்.

ஹபேன்சு காலி வண்டியோடு வளைவுக்குப் போனார். நாய்கள் போய்விட்டிருந்தன.

முபிட்டா அந்தக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. ஹபேன்சுவுக்கு அதுதான் தாங்கவில்லை. “பெரிய மனுஷனாட்டம் இருக்கான் பாரு” என்பார் என்னிடம், முட்டையை எண்ணியபடி.

இப்போதும் விடியற்காலையில் முதல் ஆளாக வண்டி எடுக்கிறார். முபிட்டா கிளை இழுத்த பாதையில் மெதுவாகப் போகிறார். அண்மையில் அவரோடு பம்புவரை போயிருந்தேன். சிங்கத்தின் தடம், பெரியது, சக்கரத்துக்கு நேரே. அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, எலியோ வண்டோ போகாத ஓரிடத்தில் பிரேக் போட்டு இறங்கினார். குத்துக்காலிட்டு அந்த வெறும் மண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.