ஒட்டிக்கிடந்த வயிறும் ஒரு ஸ்பூன் தண்ணீரும்

புதுச்சேரியில் அந்த மருத்துவமனையின் வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லாமே கை வைத்த நாற்காலிகள். நான் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். அதனால் மருத்துவர் கூப்பிடும்வரை நடந்துகொண்டே இருந்தேன்.

"ஒரு எடத்துல நில்லேன் விஜயா. உன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார் என் கணவர் ஜெயபால்.

நின்றாலும் முட்டி வலிக்கும், நடந்தாலும் வலிக்கும். நடந்தால் கோபமாவது கொஞ்சம் குறையும்.

முதலில் முட்டிக்குத்தான் வைத்தியம் பார்க்கப் போனேன். எடை குறையாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று எலும்பு மருத்துவர் கையை விரித்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் ஊசி வந்துவிட்டது. சரி, எடை குறைப்பு அறுவை சிகிச்சையே செய்துகொள்ளலாம் என்று துணிந்து வந்தால், என் வயிறே குறுக்கே நின்றது.

என் வயிற்றை ஏற்கெனவே மூன்று முறை திறந்திருக்கிறார்கள். இரண்டு முறை பிரசவத்துக்கு. மூன்றாவது முறை குடல்வால் வெடித்துச் சீழ் பரவியதால் தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நீளமாகக் கிழித்தார்கள். புதுச்சேரி மருத்துவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"முடியுமா, முடியாதான்னு சொல்லிடுங்க மேடம்" என்றேன்.

"உள்ள ஒட்டுத்திசு நிறைய இருக்கும்மா" என்றார். (பழைய காயம் ஆறும்போது குடலும் கொழுப்புத் திரையும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.) "கேமரா விடும்போதே குடல்ல ஓட்டை விழலாம். சிறுகுடல் பக்கமே போகாம இரைப்பையை மட்டும் சுருக்கிப் பாக்கலாம். இடது விலாவுக்குக் கீழ தழும்பு இல்ல. அங்கேர்ந்து நுழையறேன். வழி கிடைக்கலைன்னா ஒண்ணும் செய்யாம மூடிடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்றுதான் சொன்னேன். எங்கள் ஊரான செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டால், மிச்ச வாழ்க்கையை இந்த முட்டியோடு எங்கே போய்க் கழிப்பது?

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எதையும் வைப்பதில்லை, தண்ணீர்கூட. கடைத்தெருவில் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார்கள். "ராத்திரி சாப்பாடே கெடையாதுன்ற, அப்புறம் இந்த ஒடம்பு எங்கேர்ந்துக்கா வந்துச்சி?"

சாயங்காலத்திலிருந்து வந்தது. எங்களுக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. கூட்டமெல்லாம் மாலையில்தான் வரும். செஞ்சியில் சூரியன் சீக்கிரமே ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். காலண்டரில் எந்த நேரம் போட்டிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு மலைதான் கணக்கு. கடையிலிருந்து ஓடி வந்து, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே, ராத்திரிப் பசிக்கும் சேர்த்து அள்ளிப் போட்டுக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து நிதானமாக மென்று தின்றதாக நினைவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "செஞ்சாங்களா, மூடிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"செஞ்சிட்டாங்க. ரொம்ப நேரம் ஆயிடுச்சி" என்றார் ஜெயபால். அவர் அழுதிருந்தார்.

மேலே ஒட்டியிருந்ததைப் பிரித்து வழி உண்டாக்கி, இரைப்பையைச் சுருக்கியிருக்கிறார்கள். பழைய தழும்புக்கு அடியில் சிறுகுடல் கல்லாக ஒட்டியிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வயிறு உப்பி, முறுக்கி வலித்து, காற்றுப் பிரியாமல் வாந்தி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார் மருத்துவர். குடலடைப்பு (குடல் மடங்கி வழி அடைபடுவது) எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். உங்களுக்கும் பழைய தழும்பு இருந்தால், உள்ளே எதைப் பிரித்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்டதற்கு ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தேன். தூங்கும்வரை ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். தூங்கும்வரை என்பதை என் மனம் பொழுது சாயும்வரை என்று எடுத்துக்கொண்டது. ஒருநாள் சாயங்காலம் பார்த்தால் பாட்டிலில் பாதி அப்படியே இருந்தது. சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பழக்கம் விடுமா? எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன்.

நெஞ்சுக்குக் கீழே கத்தி சொருகியது போல வலி. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. தையல் பிரிந்துவிட்டது, இல்லையென்றால் குடல் அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். காரில் புதுச்சேரி போகும் வழியெல்லாம் செத்துப்போவேன் என்ற பயத்தைவிட, இவ்வளவு பாடுபட்டு அவர் திறந்த வழியை ஒரு பாட்டில் தண்ணீரால் கெடுத்துவிட்டேனே என்ற ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

உள்ளே தெரிவதற்கு ஒரு சாயத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. அடைப்பும் இல்லை. சுருங்கிய இரைப்பையில் ஒரேயடியாக ஊற்றியதால் வந்த வலிதான்.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" என்றார் மருத்துவர்.

"மலைக்குப் பின்னால போயிடும் மேடம்."

"எது?"

"சூரியன்."

விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார், திட்டவில்லை. "பகல்ல மட்டும் குடிச்சா உங்களுக்குப் பத்தாதும்மா. இருட்டினப்புறமும் குடிக்கணும். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

நான் பெரிய பக்தை இல்லை. ஆனால் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒருநாள்கூட மீறாத பழக்கம் அது. வீடு திரும்பிய அன்று விளக்குப் போட்டபின், ஜெயபால் டம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"குடி. பாவம்னு ஒண்ணு இருந்தா எம்மேல வரட்டும்."

"உங்க மேல இன்னாத்துக்கு? என் வயிறு, என் பாவம்" என்று பிடுங்காத குறையாக ஸ்பூனை வாங்கினேன். ஒவ்வொரு ஸ்பூனாகக் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து டம்ளர் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில மாதங்கள் ஓடிவிட்டன. ஊசி நின்றுவிட்டது. கடைக்கு நடந்தே போகிறேன். முட்டிக்கு நாள் குறிக்கலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தழும்புக்கு அடியில் ஏதோ சுருக்கென்று இழுக்கும். எழுந்து உட்கார்ந்து, காற்றுப் பிரிகிறதா என்று காத்திருப்பேன். பிரிந்தால் மறுபடி படுப்பேன். ஒரு வேளை உணவு இப்போது ஒரு சின்னக் கிண்ணம்தான், ஆனால் முன்பு இரண்டு வேளைக்கு ஆன நேரம் அதற்கு ஆகிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது எடுத்துவைத்த தண்ணீர் இன்னும் பாதி இருக்கிறது. எழுந்து நடக்கக் கால் துடிக்கிறது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மீதியையும் குடித்துவிட்டுத்தான் எழுவேன்.