இரண்டாம் வரிசை நாற்காலி

இன்று லிஃப்டில் யாரோ ஜவ்வாது பூசிக்கொண்டு ஏறினார், எனக்குக் குமட்டியது. தஞ்சாவூரில் இப்போது கார்கள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த தகரக் கூரை சபா அப்படித்தான் நாறும், ஜவ்வாதும் வியர்வையும் நசுங்கிய மூட்டைப்பூச்சியுமாக. அதை இடித்துவிட்டார்களே என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதுச் சட்டம் வந்த தைரியத்தில் பண்ணையாரோடு வழக்காடிக் குத்தகையைத் தன் பெயரில் பதிந்துகொண்ட அப்பா, சங்கீதத்தில் ஒரு சுக்கும் தெரியாதவர், மாதம் தவறாமல் அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போய், முன்வரிசையில் சாய்ந்திருக்கும் பண்ணையாருக்கு நேர் பின்னால் டிக்கெட் வாங்கி உட்காருவார். ஊரில் அவரைக் கண்டால் இடுப்புக்கு இறங்கும் அப்பாவின் துண்டு அங்கே தோளிலேயே கிடக்கும். மடக்கு நாற்காலி என் தொடையைக் கவ்வும், ஃபேன் கிறீச்சிடும், நெளிந்தால் அம்மா கிள்ளுவாள், பாடுகிறவர் முகம் தெரியாமல் பண்ணையாரின் மழித்த பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஆலாபனை நடுவே பண்ணையார் யாரையோ தேடித் திரும்பினார். அவர் எதிரே உட்கார்ந்து பழகாத அப்பாவின் உடம்பு தானாக எழுந்துவிட்டது. துண்டு கைக்கு வந்திருந்தது.

"உக்காருங்க, மறைக்குது!" என்று பின்வரிசைகள் கத்தின. அப்பா அசையவில்லை. அம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அப்போதும் இல்லை.

பண்ணையார் சிரித்தார். "பரவாயில்லடா, உக்காரு."

அதன் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.