ஜெஸிந்தா சட்டியில் திரளாத ஃபட்ஜ்

“என் ஃபட்ஜோட பக்குவம் என்னோடயே குழிக்குள்ள வரும். ஜெஸிந்தா சட்டியில அது ஒரு நாளும் திரளாது. திரண்டுச்சுன்னா நான் பேரை மாத்திக்கறேன்.”

நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டாஃப் குவார்ட்டர்ஸின் குழாயடியில், வரிசையில் நின்ற பெண்களையும் அவர்களுடைய குடங்களையும் சாட்சியாக வைத்துத் தபித்தாள் அம்மாள் வெளியிட்ட பிரகடனம் இது. எழுபதுகளின் பிற்பாதி. உலகத்தில் அப்போது பெரிய பெரிய சண்டைகள் நடந்துகொண்டிருந்தன. குழாயடியில் அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னதில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். ஊர் அதை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தது. தபித்தாள் அம்மாளை அந்தத் தோட்டத்தில் எல்லாரும் ‘சோப்பம்மா’ என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகு திரும்பியதும் சொல்லாமலும் இருந்ததில்லை.

நடந்தது இதுதான். தபித்தாளின் தாயார் குன்னூரில் ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசாணி கப்பலேறும்போது பீங்கான் தட்டுகளை ஒருத்திக்கும் பியானோவை ஒருத்திக்கும் கொடுத்துவிட்டு, ஆயாவுக்கு ஃபட்ஜ் என்கிற பால் மிட்டாய் கிண்டும் பக்குவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். தட்டுகள் உடைந்தன, பியானோவில் எலி குடியேறியது, ஃபட்ஜ் மட்டும் பிழைத்தது. அந்தச் சொத்தைத் தபித்தாள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்தார். கணவர் செல்லதுரை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். சீர் என்ன வந்தது என்று கேட்டவர்களிடம் அவர் ஃபட்ஜ் என்று சொல்ல, கேட்டவர்கள் அதை ஏதோ இங்கிலீஷ் வாகனம் என்று நினைத்து மரியாதை காட்டினார்கள்.

மேனேஜர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது ஃபேக்டரியில் பிரிவுபசாரம் வைத்தார்கள். தபித்தாள் பெரிய தட்டு நிறைய ஃபட்ஜ் செய்து அனுப்பினார். வழக்கம்போலச் சின்னச் சதுரமாக வெட்டாமல், பெரிய இடத்து விருந்தாயிற்றே என்று நீளக் கட்டிகளாக வெட்டியதுதான் அவர் செய்த ஒரே பிழை. தட்டு வரிசையாக வந்து, ஃபிட்டர் லூயிஸின் மனைவி ஜெஸிந்தா முன்னால் நின்றது. ஜெஸிந்தா கலியாணமாகி வந்த புதுசு. வாய் மட்டும் பழசு. ஒரு கட்டியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, இது துணிக்குப் போடறதுங்களா, மேலுக்குப் போடறதுங்களா?”

மேனேஜர் சிரித்தார். மேனேஜர் சிரித்ததால் ஹெட் கிளார்க் சிரித்தார். ஹெட் கிளார்க் சிரித்ததால் செல்லதுரையும் லேசாகச் சிரித்துத் தொலைத்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் வீட்டில் கட்டிய அபராதம் தனிக்கதை. தட்டில் இருந்த ஃபட்ஜ் அத்தனையும் தீர்ந்துபோனதையோ, ஜெஸிந்தாவே இரண்டு கட்டி தின்றதையோ யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சோப்பு மட்டும் நின்றுவிட்டது.

அதிலிருந்து தபித்தாள் அம்மாள் பழிவாங்கத் தொடங்கினார். கத்துவது, சாபமிடுவது போன்ற மலிவான முறைகளை அவர் கையாளவில்லை. கிறிஸ்துமஸ் வரட்டும் என்று காத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு அனுப்புவது குவார்ட்டர்ஸ் வழக்கம். கோவில் வேறானாலும் தட்டு போகும். பகை இருந்தாலும் போகும். போன தட்டு வெறுந்தட்டாகத் திரும்பக் கூடாது என்பதும் வழக்கம். தபித்தாள் வீட்டிலிருந்து ஜெஸிந்தா வீட்டுக்குப் போன தட்டில் அச்சு முறுக்கு இருந்தது, கல்கல் இருந்தது, கேக்கும் இருந்தது. நட்டநடுவில் மட்டும் ஒரு சதுரம் காலி. சரியாக ஒரு ஃபட்ஜ் துண்டின் அளவு. சுற்றியுள்ள பலகாரம் உருண்டு வந்து இடத்தை நிரப்பிவிடாதபடி அட்டையால் வேலி வேறு கட்டியிருந்தார். எதை அனுப்பவில்லை என்பதை இவ்வளவு துல்லியமாக அனுப்பிவைத்தவர் நீலகிரி மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

ஜெஸிந்தா தட்டைத் துணி போர்த்தித் திருப்பி அனுப்பினார். துணியை விலக்கினால் அந்தச் சதுரத்துக்குள் கச்சிதமாக ஒரு புதுச் சோப்பு.

ஒவ்வொரு வருஷமும் இந்தப் பரிவர்த்தனை தவறாமல் நடந்தது. அந்தச் சோப்பைத் தபித்தாள் விரலாலும் தொடவில்லை. செல்லதுரை போட்டுக் குளித்தார். அவர் நடுநிலை நாடு.

காலம் போனது. லூயிஸ் ரிட்டயராகி, வந்த பணத்தை எல்லாம் போட்டுக் கூடலூர் சாலையில் ஒரு கடை திறந்தார். ‘ஹோம் மேட் சாக்லேட்’ என்று போர்டு. ஊட்டிக்கு வரும் டூரிஸ்ட் பஸ்கள் டீக்கு நிற்கிற இடம். சாக்லேட்டைக் கட்டியாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றிவிடலாம்; அதில் ஜெஸிந்தாவுக்குத் தடையில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஃபட்ஜ் கேட்டார்கள். ஃபட்ஜ் மட்டும் வரவில்லை. கிண்டியது அத்தனையும் பல்லில் நறநறத்தது. கோழிக்கோட்டு அம்மாள் ஒருத்தி வாயில் போட்டுவிட்டு, “சேச்சி, இது ரவையாணோ?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள்.

இந்தச் செய்தி தபித்தாள் காதுக்கு வந்த அன்று அவர் இரண்டு வேளை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். பிறகு செல்லதுரையை அனுப்பி அந்த ஃபட்ஜை வாங்கி வரச் சொன்னார். ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, மனசு சரியில்லாத நாட்களில் ஒரு துண்டு எடுத்து மெதுவாகக் கடித்து, நறநறவென்ற சத்தத்தைக் கண்மூடிக் கேட்பார். ஜெஸிந்தா கடையின் ஒரே நிரந்தர வாடிக்கையாளர் அவர்தான். ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. பாலைக் குறுக்கியிருந்த விதம் சரியாக இருந்தது. நிறமும் சரி. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள், மஞ்சு இறங்கி எதிர் வீடு தெரியாத சாயங்காலம், ஜெஸிந்தாவே வந்து வாசலில் நின்றார். குடையை மடக்காமலே பேசினார். கடை ஓடவில்லை, இந்த சீசனும் போய்விட்டால் சாத்த வேண்டியதுதான், லூயிஸ் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா ஒரு தடவை வந்து பார்த்தால் போதும்.

“சோப்புக்காரிகிட்ட என்னத்துக்குக் கேக்கறே?”

“அன்னைக்கு வாய்த்துடுக்குல சொல்லிப்போட்டனுங்கக்கா.”

“எல்லாரும் இருக்கறப்பச் சொன்னே. இப்ப மஞ்சுக்குள்ள தனியா வந்து கேக்கறே.”

ஜெஸிந்தா குடையை மடக்கினார்.  தபித்தாள் அம்மாள், சனிக்கிழமை கடைக்கே வருவதாகவும், எல்லார் முன்னாலும் வைத்துக் கிண்டலாம் என்றும் சொன்னார். கும்பிட்டுவிட்டுப் போன ஜெஸிந்தாவுக்கு, எல்லார் முன்னாலும் என்பது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

திட்டம் இதுதான். ஃபட்ஜ் கலவையை அடுப்பிலிருந்து இறக்கியதும் கை வைக்கக் கூடாது. அது பாட்டுக்கு இருந்து, சட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்தால் தாங்குகிற அளவு வந்த பிறகுதான் அடிக்க வேண்டும். சூட்டோடு அடித்தால் சர்க்கரை மணலாகிவிடும். ஜெஸிந்தா பொறுமை இல்லாமல் சூட்டோடு அடிக்கிறார் என்பது முதல் கடியிலேயே தபித்தாளுக்குத் தெரிந்துவிட்டது. எனவே புதுப்பொய் எதுவும் சொல்லத் தேவையில்லை. செய்கிற தப்பையே இன்னும் கொஞ்சம் ஊக்கமாகச் செய்யச் சொன்னால் போதும். சட்டி மணலாகும். அப்போது சொல்வதற்கு ஒரு வசனமும் தயார்: “ஏன் ஜெஸிந்தா, இது ரோட்டுக்குப் போடறதா, செவுத்துக்குப் பூசறதா?”

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது இதையெல்லாம் செல்லதுரையிடம் விளக்கினார். அவர் கேட்டுவிட்டு, “பாவம்” என்றார்.

“யாரு பாவம்?”

“வீணாப் போற பாலு.”

சனிக்கிழமை. பிரிவுபசாரத்தில் சிரித்தவர்களில் யார் யார் இன்னும் உயிரோடும் உள்ளூரிலும் இருந்தார்களோ அவர்களுக்கெல்லாம் தபித்தாள் ஆள் விட்டிருந்தார். ரிட்டயரான ஹெட் கிளார்க் ஆறுச்சாமி மஃப்ளரும் தொப்பியுமாக வந்து, முன்வரிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு டூரிஸ்ட் பஸ்ஸும் வந்து நின்றது. லூயிஸ் எல்லாருக்கும் டீ கொடுத்தார். 

ஜெஸிந்தா கிண்டினார். தபித்தாள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “இறக்கினவாக்குல விடாம அடிக்கோணும். இத்தனை நாளா நீ அடிச்சது பத்தாது” என்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னார். ஜெஸிந்தா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பால் குறுகியது. வெண்ணெய் மணம் எழுந்து சாலை வரை போனது. கலவையில் ஒரு சொட்டு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் விட்டதும் மெத்தென்று உருண்டு நின்றது. தபித்தாள் அதை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். அவரே செய்திருந்தாலும் அதைவிடச் சரியாக வந்திருக்காது. இந்தத் தகவல் அவருக்கு மிகுந்த அசௌகரியத்தை உண்டாக்கியது.

சட்டி இறங்கியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே தேன் நிறத்தில் மினுமினுவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், பைக்காரா ஏரி மாதிரி கிடந்தது கலவை. தபித்தாள் சொன்னபடியே ஜெஸிந்தா மரக்கரண்டியை ஓங்கினார். வசனம் தபித்தாளின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

கரண்டி கலவையைத் தொடவில்லை. ஜெஸிந்தா திரும்பிப் பார்த்தார். அவர் மணிக்கட்டைத் தபித்தாள் பிடித்துக்கொண்டிருந்தார். கரண்டியைப் பிடுங்கி, சேலைத் தலைப்பில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போலச் சாலையைப் பார்த்தார்.

“என்னங்கக்கா?” என்றார் ஜெஸிந்தா மெதுவாக.

“கம்முனு இரு.”

ஆறுச்சாமி இரண்டாவது டீ வாங்கினார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து, ஒருவரும் ஏறாததால் தானும் இறங்கி வந்தார். தபித்தாள் அவ்வப்போது உள்ளங்கையைச் சட்டியின் அடியில் வைத்துப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், மறுபடி சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் ஒரு முறை வைத்த கையை எடுக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிரித்து, கரண்டியை ஜெஸிந்தாவிடம் நீட்டினார்.

“இப்ப அடி.”

ஜெஸிந்தா அடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக மினுக்கம் மங்கியது. கரண்டி கனத்தது. பிறகு, யாரும் ஒன்றும் சொல்வதற்குள், ஜெஸிந்தாவின் சட்டியில் அது திரண்டது.