திருக்கேதீஸ்வரத்தில் விடுபட்டவர்

ஹம்சவேணிக்கு ஐம்பத்தொன்பது வயது. மதுரை தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷமாக டைப் அடிக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்தபின் பழங்காநத்தம் வீட்டில் அவர் மட்டும்தான். வீட்டில் பேசிய சௌராஷ்டிர மொழி, பெங்களூரிலிருக்கும் தம்பி துளசிராமோடு மாதம் ஒருமுறை ஃபோனில் பேசும் ஐந்து நிமிஷத்தோடு சரி.

போன பங்குனியில் இலங்கைச் சிவாலய யாத்திரைக்குப் பேர் கொடுத்தார். மொத்தம் இருபத்தொன்பது பேர்: பதினாலு ஜோடி, அவர் ஒருத்தர். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் மற்றவர்களின் பைகள்தான் உட்கார்ந்து வந்தன.

மூன்றாம் நாள் மன்னார்ப் பக்கம் திருக்கேதீஸ்வரம். தரிசனம் முடிந்ததும் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைக்கப் போனார். தண்ணீர் குளுமையாக இருந்தது. சற்று அதிகமாகவே உட்கார்ந்துவிட்டார் போல. திரும்பி வந்தபோது வாசலில் பஸ் இல்லை. கைப்பையும் ஃபோனும் பஸ்ஸில்.

வாசலில் பூ விற்ற பெண் கேட்டாள்: “உங்கட பஸ் போயிட்டுதே அம்மா. தனியவோ வந்தனீங்கள்?”

“ஆமாம்மா. வந்துருவாங்க.”

ஹம்சவேணியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் யாத்திரை அழைத்து வந்த சூரியபிரகாஷின் நம்பர் இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஃபோனை எடுத்தாள்.

“இப்ப வேணாம்மா. அவங்களே பாத்துட்டுத் திரும்பட்டும்.”

அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். எம்புட்டு நேரத்தில் தன்னைத் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அரைமணி ஆயிற்று. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். ஒரு மணி நேரமும் கடந்தது. உச்சிக்காலப் பூஜை மணி அடித்ததும் உள்ளே போனார். சந்நிதியில் கூட்டமில்லை. கைகூப்பியவர், நினைக்காமலே சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார், வாய்விட்டு. அம்மாவின் கடைசி நாட்கள், ஒரு கேஸ் சிலிண்டர் ஏழு மாதம் வருவது, இன்றைக்கு பஸ் போனது, எல்லாவற்றையும். குருக்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார்.

நடை சாத்தினார்கள். வெளியே வந்து அட்டையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் சூரியபிரகாஷின் நம்பரை அடித்து ஃபோனை இவர் கையில் தந்தாள்.

“ஹலோ, யாரு?”

“ஹம்சவேணி பேசுறேன் தம்பி.”

“சொல்லுங்கம்மா. பின்னாடி ஏசி பத்தலையா?”

“நான் பஸ்ல இல்லப்பா. கோயில்லயே இருக்கேன்.”

எதிர்முனையில் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது.

“ஐயய்யோ! ஜோடி ஜோடியா எண்ணிட்டேம்மா... அங்கனயே இருங்க, இந்தா வாரோம்.”

பஸ் வரும்வரை பூக்காரப் பெண் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருந்தாள். சூரியபிரகாஷ் இறங்கி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸில் எல்லாரும் பதறிப்போய் விசாரித்தார்கள். அதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் சூரியபிரகாஷ் முதலில் அவர் பேரைத்தான் சத்தமாகக் கூப்பிட்டார். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. அது கூசியது அவருக்கு. திருக்கோணமலையில் மலைமேல் கோயில், கீழே கடல். அவர் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் வந்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். கடலைச் சரியாகப் பார்க்கவில்லை.

மதுரை ஏர்போர்ட்டில் அவரவர் வீட்டு ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். அவர் ஆட்டோ பிடித்தார்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. திருக்கேதீஸ்வரத்துக் கோபுரத்தின் முன்னால் எல்லாரும் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று. பஸ் கிளம்புமுன் எடுத்தது.

அந்த வாரம் துளசிராம் பேசும்போது கோயில் படம் கேட்டார். ஹம்சவேணி அதையே அனுப்பினார்.

“இதுல நீ எங்கக்கா?”

“நான்தாண்டா எடுத்தேன்” என்றார்.