கிரீஸ் அக்காவின் கோபுரம்

என் அக்கா மலைச் சுரங்கத்தில் ரோப் கார் மெக்கானிக். கோபுரங்களில் ஏறி, உச்சியில் கம்பிவடம் ஓடும் சக்கரங்களுக்கு கிரீஸ் வைப்பது அவள் வேலை. முகாமில் அவள் பெயரே கிரீஸ் அக்கா. நான் அங்கே சமையல். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று முதலில் முணுமுணுத்தவர்கள்தான், சக்கரம் கிறீச்சிட்டால் அவளைத் தேடி ஓடி வருவார்கள்.

அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ரத்தம் உண்டாக்கும். ரத்தம் கெட்டியானால் ஆபத்து என்று எவனோ கிளப்பிவிட்டதில், விடுப்பில் இறங்குகிறவர்கள் அடிவார ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அக்கா எதிலும் முந்திரிக்கொட்டை. ஆஸ்பத்திரி அனுமதித்தபோதெல்லாம் கையை நீட்டினாள்.

போன வருஷம் பாதி ஏணியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். முகாம் நர்ஸ் ரத்தத்தைப் பார்த்து, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். அடுத்த தகுதிச் சோதனையில் நிற்காமல் ஏறாவிட்டால் கீழே கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார் போர்மேன். அவரைக் குறை சொல்ல முடியாது, மயங்கி விழுந்தால் அவர்தானே பொறுப்பு. ஆனால் வயசாகிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சிலர் தட்டில் சாப்பாடு குறைந்திருந்தால் அது தற்செயல்.

"கிடங்குல உட்கார்ந்து நட்டு போல்ட்டை அடுக்கவா நான் இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். பயமாக இருந்தது.

அடிவார ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பையும் பார்த்தார். கிட்டத்தட்ட காலி. முகாம் நர்ஸ் சரி என்று சொன்னது சமவெளிக்கான ரத்த அளவை வைத்தாம். கீழே இருப்பவர்களுக்கு அது போதும், மலைமேல் வேலை செய்கிறவளுக்குப் போதாது. புது ரத்தத்துக்கு இரும்பு வேண்டும். அதனால் ஆக்சிஜன் குறைந்தால், வழக்கமாக இரும்பை அளந்து விடும் கல்லீரல் பிடியைத் தளர்த்திவிடும். குடல் சாப்பாட்டிலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்ளும், சேமிப்பும் கரையும்.

"உடம்பு கதவை அகலமாத்தான் திறந்து வச்சிருக்கும்மா," என்றார். "நீங்கதான் உள்ள வர்றதுக்கு மேலயே வாரிக் கொடுத்திருக்கீங்க."

இனி ரத்தம் கொடுக்கக் கூடாது, இரும்பு மாத்திரை, சாப்பாட்டோடு டீ கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாதாம். கடைசியாகச் சொன்னதில்தான் அக்கா அதிகம் வாடினாள். சில மாதம் கோபுரம் ஏறாமல் கீழேயே இருந்தாள். போர்மேன் அதுவரை பொறுத்தார்.

சோதனை நாளில் அடுப்பை அணைத்துவிட்டு நானும் கோபுரத்தடியில் போய் நின்றேன். பின்னால் பேசியவர்களும் வந்திருந்தார்கள். அவள் வழக்கமாக நிற்கும் பாதி ஏணி வந்தது. நிற்கவில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

போர்மேன் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அக்காவின் குரலில் இரைப்பே இல்லை.

"ஏறியாச்சு. கீழ எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, விடுங்க. அப்படியே கிரீஸ் டப்பாவை அனுப்புங்க, ஒரு சக்கரத்துக்கும் யாரும் கிரீஸ் வைக்கலை."