இரண்டு வாளி, ஒரே குவியல்

அரியலூர்த் தெரு ஒன்றில் குப்பை வண்டிக்குப் பின்னால் எங்கள் பஸ் நிற்கிறது. ஒரு பெண் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒன்றில் காய்கறித் தோல், மற்றதில் கழுவிக் காயவைத்த பால் கவர்கள். வண்டிக்காரர் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டுகிறார்.

"பிரிச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டு இப்படிக் கொட்டுறீங்களே?"

"உள்ள தடுப்பு ஒடைஞ்சு கெடக்குக்கா. மேல சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

அந்தப் பெண் வண்டியை மறித்து நிற்கிறார். "என் கவரைப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்க."

பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். வண்டிக்காரர் முனகிக்கொண்டே பொறுக்குகிறார். பொறுமையிழந்து நானும் இறங்கிப் பொறுக்குகிறேன். கவரெல்லாம் ஊசிப்போன சாம்பார்.

"இதை இனி யார்கிட்ட குடுப்பீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"வேற யாரு இருக்கா? கழுவிக் காயவச்சு, நாளைக்கு இவருகிட்டயேதான் குடுக்கணும்."